முன்தேதியிட்ட முதுமை

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, டில்லியில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எம். பி. ஷாவும் ஏ. ஆர். லட்சுமணனும், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அரசியல் சாசனம் வழங்கும் அடிப்படை உரிமையும் இல்லை, சட்டம் வழங்கும் உரிமையும் இல்லை, தார்மிக நியாயத்தின் பேரால் கோரத்தக்க உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அதே தேதியைத் தாங்கி, சென்னைக் கோட்டையில் நிதித்துறையிலிருந்து 259 என்ற எண்ணுள்ள அரசாணை ஒன்று பிறந்தது. தீர்ப்பு நாடெங்கும் விவாதப் பொருளாயிற்று. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாக இருக்கிறது. அரசாணையோ, 2003 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் தமிழ்நாடு அரசின் பணியில் சேர்ந்த எவருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றும், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமே அவர்களுக்கு உரியது என்றும் நாலு மாதம் பின்னோக்கி முன்தேதியிட்டு விதித்துவிட்டு, பெரிய ஆரவாரம் எதற்கும் இடமில்லாமல் அலுவலகக் கோப்புகளுக்குள் போய் அடங்கிற்று. இரண்டும் ஒரே நாளில் நேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், சத்தமிட்டுப் பறித்தவை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்ததையும், சத்தமில்லாமல் பறித்தது மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாகத் திரும்பாமல் நின்றதையும் கூர்ந்து நோக்குகிறவனுக்கு, அரசாங்கச் சிக்கனத்தின் அரசியல் எவ்விதம் இயங்குகிறது என்பதை இந்த ஒரு தேதியைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பென்ஷன் என்ற சொல் நம் நாட்டில் முதலில் தயவைக் குறித்தது. உரிமை என்ற அர்த்தம் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது. 1871ஆம் வருஷத்து ஓய்வூதியச் சட்டம், அரசாங்கம் அளிக்கும் ஓய்வூதியம் சம்பந்தமாக எந்தச் சிவில் நீதிமன்றமும் வழக்கை ஏற்கக் கூடாது என்று நான்காம் பிரிவிலேயே கதவைச் சாத்திவிட்டது. கொடுப்பது மன்னருடைய மனசு, கேட்பதற்குப் பிரஜைக்குப் பாத்தியதை இல்லை என்பது அதன் உட்பொருள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு நெருங்கும்போதுதான், 1971இல், தேவகிநந்தன் பிரசாத் என்பவர் பீகார் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. பிறகு 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கின் தீர்ப்பு வந்தது. 1979 மார்ச் 31ஆம் தேதியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும் தாராளமான கணக்கு முறை, அதற்கு முந்தினவர்களுக்குப் பழைய குறைந்த தொகை என்று மத்திய அரசாங்கம் வகுத்த பிரிவினையை எதிர்த்து, பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற நகாராவும் பிறரும் தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த அரசியல் சாசன அமர்வுக்காக நீதிபதி டி. ஏ. தேசாய் எழுதிய அத்தீர்ப்பு, ஓய்வூதியம் பிச்சையும் அல்ல, எஜமானரின் கருணையும் அல்ல, உழைத்த காலத்தில் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலியே அது என்ற கருத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டிற்று. ஒரு தேதியைக் கோடாகக் கிழித்து ஒரே இனத்தவரை இரண்டாகப் பிளப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றும் சொல்லிற்று. டிசம்பர் 17ஐ இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சென்னை ராஜ்யத்துக்கு இதில் ஒரு விசேஷப் பெருமை உண்டு. ஐம்பதுகளிலேயே, அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமின்றி, ஸ்தல ஸ்தாபனங்களின் பள்ளிகளிலும் உதவி பெறும் தனியார் பள்ளிகளிலும் உழைத்த ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநல நிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்து வழங்கிய முப்பயன் திட்டம் இங்கேதான் வந்தது. கிராமப் பள்ளியைக் காத்துக் கிடக்கிற வாத்தியாருக்குக் கிழவயதில் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க நேரக் கூடாது என்ற அந்த எண்ணம், இலவசக் கல்வியும் மதிய உணவும் பரவிய அதே காலத்துக்கு உரியது என்பதை நாம் மறக்கலாகாது. பள்ளியை விரிவாக்க ஆசைப்படுகிற அரசாங்கம் ஆசிரியனின் முதுமையைப் பற்றியும் யோசித்தது. இரண்டையும் ஒரே காரியத்தின் இரு பகுதிகளாக அது கண்டது.

பழைய ஓய்வூதியத்தின் இயல்பு எளிமையானது. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. விலைவாசி ஏற ஏற வருஷத்துக்கு இருமுறை அகவிலைப்படி. அவர் மறைந்தால் மனைவிக்கோ கணவனுக்கோ குடும்ப ஓய்வூதியம். இதற்கென்று தனியாக ஒரு நிதி சேர்த்துவைப்பதில்லை. அந்தந்த வருஷத்து வரி வருவாயிலிருந்து அந்தந்த வருஷத்துப் பென்ஷன் கொடுக்கப்படுகிறது. இன்று உழைக்கிறவன் கட்டும் வரி நேற்று உழைத்தவனுக்குச் சோறாகிறது. மனிதர்கள் நீண்டகாலம் வாழத் தொடங்கியபோது இந்தச் செலவு பெருகிற்று என்பது மெய். அதை மறைப்பது நேர்மையாகாது.

2001இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதும், நிதியமைச்சர் சி. பொன்னையன் ஆகஸ்டில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். கஜானா காலியாக இருக்கிறது என்பதே அதன் சாரம். அது அடியோடு பொய்யான கூற்று அன்று. மத்திய அரசின் ஐந்தாவது ஊதியக் குழு நிர்ணயித்த சம்பள விகிதங்களை மாநிலங்களும் பின்பற்றியதால் தொண்ணூறுகளின் கடைசியில் செலவு ஒரேயடியாக உயர்ந்திருந்தது. பதினோராவது நிதிக்குழு மத்திய வரிகளில் தமிழ்நாட்டின் பங்கை 5.385 விழுக்காடாக வகுத்திருந்தது (அது பின்னும் தேய்ந்து பதினைந்தாவது நிதிக்குழுவின் காலத்தில் 4.079 ஆயிற்று), மழையும் பொய்த்தது. 2001 நவம்பரில் புதிய ஆள் எடுப்புக்குத் தடை வந்தது. 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் நிறைவேறிற்று. அப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் சலுகை, போனஸ், ஓய்வுக்காலப் பயன்களில் சில என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கப்பட்டன.

சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே வரிப்பணம் எல்லாம் போய்விடுகிறது என்ற வாதம் அப்போது எங்கும் ஒலித்தது. 12 லட்சம் ஊழியர்களின் சம்பளத்துக்காக வரி வருவாயில் சுமார் 90 விழுக்காடு செலவாகிறது என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் ஏறிற்று. இந்தக் கணக்கு செவியில் விழும்போது, மக்கள் பணத்தை ஒரு சிறு கூட்டம் தின்று தீர்க்கிறது என்ற பிரமை எவருக்கும் உண்டாவது இயற்கை. ஆனால் அந்த 12 லட்சம் பேர் யார்? அவர்களில் பெரும் பகுதியினர் ஆசிரியர்கள், செவிலியர்கள், போலீஸ்காரர்கள், கிராம நிர்வாகப் பணியாளர்கள். பள்ளிக்கூடத்துச் செலவு என்பதே பெரும்பாலும் வாத்தியாரின் சம்பளந்தான். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பங்கு மருத்துவரும் செவிலியரும் வாங்கும் ஊதியந்தான். பாலத்துக்குச் செலவிட்டால் அது வளர்ச்சி, பாடம் சொல்லிக்கொடுப்பவனுக்குச் செலவிட்டால் அது விரயம் என்று பாகுபடுத்துகிற கணக்குமுறையில் எனக்குச் சம்மதம் இல்லை. கட்டிடம் எழுப்பியபின் அதற்குள் நின்று பேச ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். ஊதியத்தின் ஒரு பகுதியை அவர் உழைக்க முடியாத காலத்துக்கு ஒத்திவைப்பதே ஓய்வூதியம்.

பறிபோன சலுகைகளைத் திரும்பக் கேட்டு, 2003 ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே சங்கத் தலைவர்கள் இரவோடிரவாகக் கைது செய்யப்பட்டிருந்தார்கள். முந்தின வருஷம் இயற்றப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், டெஸ்மா என்று ஜனங்களின் வாயில் வழங்கியது, ஜூலை 4ஆம் தேதி அவசரச் சட்டத்தால் இன்னும் கடுமையாக்கப்பட்டது; விசாரணையின்றியே வேலைநீக்கம் செய்யலாம் என்றாயிற்று. ஏறக்குறைய 1,70,000 பேர் வேலையிழந்தார்கள். ஒரு மாநில அரசாங்கம் தன் ஊழியர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் ஒரே வீச்சில் நீக்கியது முன்னர் இந்தியாவில் நடந்திராத காரியம். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனும் சீட்டுத் தவணையும் பிள்ளைகளின் படிப்பும் நடத்திக்கொண்டிருந்த குடும்பங்களில் அந்த ஜூலை மாதம் எவ்விதம் கழிந்திருக்கும் என்பதை, அரசு ஊழியரோடு ஒரு தெருவில் குடியிருந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். உயர் நீதிமன்றம், முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிற்று. உச்ச நீதிமன்றத்தில், நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்பட்டு இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுப்போரில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசாங்கம் இசைந்தது. ஆகவே, முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கைகள் அந்த ஜூலையில் மன்னிப்புக் கடிதம் எழுதின.

அடுத்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட ஆளும் கட்சிக்குக் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த சில தினங்களிலேயே, 2004 மே மாதத்தில், முதலமைச்சர் ஜெயலலிதா ஊழியர்கள்மீது எடுத்த நடவடிக்கைகளை ரத்துச் செய்தார். வேறு பல கடுமையான உத்தரவுகளும் திரும்பப் பெறப்பட்டன. 259ஆம் எண் அரசாணை மட்டும் தொடப்படவில்லை. 2006இல் ஆட்சி மாறி, அந்த வேலைநிறுத்தத்தின்போது ஊழியர் பக்கம் நின்று பேசிய கட்சியே அரசுக் கட்டில் ஏறியது, அப்போதும் தொடப்படவில்லை.

இதன் காரணம் ஆழமானதல்ல. ஆனால் வேதனை தருவது. வேலைநீக்கம் செய்யப்பட்ட 1,70,000 பேருக்கும் வாக்குண்டு, சங்கமுண்டு, வீதியில் இறங்கக் கால்களுண்டு. ஏப்ரல் 1க்குப் பிறகு சேரப்போகிறவர்களோ அன்று பெரும்பாலும் இல்லாதவர்கள். ஆள் எடுப்புக்குத் தடையிருந்த காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் சொற்பம். அப்படி வந்த ஆசிரியர்களிலும் பலர் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டு, 2006 ஜூனில்தான் காலமுறைச் சம்பளத்துக்குள் வந்தார்கள். முறையான சம்பளமே இல்லாதவன் முப்பது வருஷத்துக்கு அப்பாலுள்ள பென்ஷனுக்காக எப்படிக் குரல் கொடுப்பான்? மூத்த ஊழியர்களும் தங்கள் ஓய்வூதியம் தப்பிற்று என்ற ஆறுதலில், வரப்போகிறவர்களின் இழப்பை முதல் கோரிக்கையாக வைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். இல்லாதவன் தலையில் சுமையை ஏற்றுவதைப் போல ஆட்சியாளருக்கு வசதியான சிக்கனம் வேறில்லை. நகாரா வழக்கில் நீதிமன்றம் அழித்த அதே தேதிக்கோடு, சேரும்போதே நிபந்தனை தெரிந்து சேர்ந்தவர்கள் என்ற புதிய நியாயத்தைத் துணைகொண்டு, அந்தத் தீர்ப்புக்கு அகப்படாத இடத்தில் மறுபடியும் கிழிக்கப்பட்டது.

தேசமெங்கும் இதே போக்கு அப்போது பரவிக்கொண்டிருந்தது. மத்திய அரசாங்கம் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொணர்ந்தது. ராணுவத்தினருக்கு மட்டும் விலக்களித்தது. இந்த யோசனையின் பூர்வீகம் சிலி தேசத்தில் இருக்கிறது. அங்கே 1981இல், பினோசேயின் சர்வாதிகார ஆட்சியில், ஓய்வூதியம் தனித்தனிச் சேமிப்புக் கணக்குகளாக்கப்பட்டுத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி நடத்திய ராணுவமும் போலீஸும் மட்டும் பழைய முறையிலேயே பத்திரமாக இருந்துகொண்டன. 1994இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையொன்று இத்தகைய சேமிப்பு முறையை நாடுகள் பலவற்றுக்கும் சிபாரிசு செய்தது. சந்தையின் லாப நஷ்டம் முதுமைக்கு ஏற்ற துணையானால், துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு மட்டும் அது ஏன் ஏற்றதாகவில்லை என்ற கேள்விக்கு, அங்கும் இங்கும் எனக்கு மனநிறைவான விடை கிடைத்ததில்லை. எல்லையில் நிற்பவனின் தியாகத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். தொற்றுநோய் வார்டில் நிற்கிற செவிலியையும் அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்கிறேன்.

புதிய முறையின் கணக்கைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். மத்தியத் திட்டப்படி, ஊழியர் பத்து விழுக்காடும் அரசாங்கம் பத்து விழுக்காடும் (2019 ஏப்ரல் முதல் பதினான்கு) செலுத்திச் சேர்ந்த தொகையில், ஓய்வின்போது அறுபது விழுக்காட்டைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் நாற்பதைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் மாதாந்திரத் தொகையை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு பேச்சுக்கு ஐம்பது லட்சம் சேர்ந்திருப்பதாகவும், ஆறு விழுக்காடு கிடைப்பதாகவும் வைத்துக்கொண்டால், நாற்பது விழுக்காடாகிய இருபது லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வரும். லட்சம் ரூபாய்ச் சம்பளத்தில் ஓய்வு பெறும் பழைய திட்டத்துக்காரருக்கு ஐம்பதாயிரமும் அதன்மேல் அகவிலைப்படியும் வரும்போது, இவருக்கு வரும் பத்தாயிரம் அரிசி விலை ஏறினாலும் மருந்து விலை ஏறினாலும் பத்தாயிரமாகவே நிற்கும்.

இவ்வளவும் ஊழியருக்கு நஷ்டம் என்றாலும் பொக்கிஷத்துக்காவது லாபந்தானா? இங்கேதான் சிக்கனத்தின் வாதம் தன் காலையே இடறிக்கொள்கிறது. 2003 மார்ச்சில் இருபத்துநாலு வயதில் சேர்ந்த ஒருவர் இன்றைய விதிப்படி அறுபதில், 2039 வாக்கில் ஓய்வு பெறுவார். எண்பது வயது வாழ்ந்தால் 2059 வரை பென்ஷன் வாங்குவார். பழைய பென்ஷன் செலவு அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலாக, புதியவர்களுக்காக மாதந்தோறும் பத்து விழுக்காட்டை அரசாங்கம் இன்றே எடுத்துவைக்க வேண்டும். முன்பு அது முப்பது வருஷம் கழித்து வரவேண்டிய செலவு. ஆக, 2003இன் காலியான கஜானாவைக் காட்டிக் கொண்டுவந்த சீர்திருத்தம், 2003இன் கஜானாவை ஒரு ரூபாய்கூட நிரப்பவில்லை. கணக்கை முறையாக நடத்தினால் இரண்டு தலைமுறைகளின் சுமையை ஒரே சமயத்தில் தூக்க வேண்டியிருந்தது. நோய் இன்றையது, மருந்தோ அரை நூற்றாண்டு கழித்து வேலை செய்வது.

தமிழ்நாடு இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிய விதம் விசித்திரமானது. மேற்கு வங்காளம் பழைய ஓய்வூதியத்தை விடவேயில்லை. மற்ற மாநிலங்கள் பலவும் மத்தியத் திட்டத்தில் சேர்ந்தன. தமிழ்நாடோ பழையதை நிறுத்திற்று, மத்தியத் திட்டத்திலும் சேரவில்லை. ஊழியரிடம் பிடித்த பணமும் அரசாங்கத்தின் பங்கும் மாநிலத்தின் பொறுப்பிலேயே தங்கின. சேமநல நிதிக்குரிய வட்டி அதற்குக் கணக்கிடப்பட்டது. மாதந்தோறும் எவ்விதம் ஓய்வூதியம் வழங்குவது என்று சொல்லும் விதி வகுக்கப்படவில்லை. பங்களிப்பு ஓய்வூதியம் என்று பெயரிட்ட திட்டத்தில் பங்களிப்பு இருந்தது, ஓய்வூதியம் இல்லை. ஓய்வு பெற்றவருக்கும், பணியிலிருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கும், சேர்ந்த தொகையும் வட்டியும் மொத்தமாகக் கொடுக்கப்பட்டு உறவு முடிந்தது. 2016இல் இதை ஆராய ஒரு வல்லுநர் குழு அமைந்தது. அதற்குப் பின் டி. எஸ். ஸ்ரீதர் தலைமையேற்ற குழு 2018 நவம்பரில் அறிக்கை தந்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு வேலைநிறுத்தம் செய்தது. 2021 தேர்தலில் பழைய ஓய்வூதியம் திரும்பும் என்று வாக்குறுதி வந்தது. ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொல்லிற்று. 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மறுபடி ஒரு குழு. இதற்கிடையில் கொரோனா காலத்தில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகி, பிறகு 60 ஆயிற்று. ஓய்வுக்காலப் பயன்களைக் கொடுக்கவேண்டிய நாளைத் தள்ளிப்போடுவதற்கு அதுவும் ஒரு வழி.

இத்தனையும் சொன்னபின், வயற்காட்டில் கூலிக்குப் போய்க் கிழவியானவளுக்கு மாதம் 1,200 ரூபாய் கொடுக்கும் அரசாங்கம், குமாஸ்தாவுக்கு மட்டும் ஏன் ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அது நியாயமான கேள்வி. அரசு ஊழியர் சங்கங்கள் அதற்கு முகங்கொடுத்துப் பதில் சொல்லாமல் விலகிச் சென்றதே பொதுஜன அனுதாபத்தை அவை இழந்ததற்கு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அந்தக் கேள்வியை எழுப்புகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்க விரும்புவது ஒன்றுண்டு. குமாஸ்தாவிடம் குறைத்தது கிழவியின் கையில் சேர்ந்ததா? சென்னை ராஜ்யத்தில் 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2011இல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது; அதன்பின் பன்னிரண்டு வருஷம் அசையாமல் நின்று, 2023இல்தான் 1,200 ஆயிற்று. அவளுக்கு அகவிலைப்படி கிடையாது, ஊதியக் குழு கிடையாது. அரசு ஊழியரின் ஓய்வூதியம் பறிபோன இந்தக் காலத்தில் அவளுடைய தொகை தொடர்ந்து வளர்ந்திருந்தால் நானும் அந்தச் சிக்கனத்துக்குத் தலைவணங்கியிருப்பேன். மாறாக, சம்பளத்தில் பாதி என்ற அளவுகோல் ஒன்று நாட்டில் உயிரோடிருந்தவரை, கிழவியின் பங்கு ஏன் இவ்வளவு சிறுத்திருக்கிறது என்று கேட்க ஒரு நியாயமாவது இருந்தது. மத்திய அரசாங்கமே, டி. வி. சோமநாதன் குழுவின் யோசனைக்குப் பிறகு, 2025 ஏப்ரல் முதல், இருபத்தைந்து வருஷம் உழைத்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொணர்ந்திருப்பது, பாதிச் சம்பளம் என்ற எண்ணம் அப்படியொன்றும் ஊதாரித்தனமல்ல என்பதை இருபது வருஷம் கழித்து ஒப்புக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் நேர்காணலுக்குப் போவது வழக்கம். தாலுகா அலுவலக வளாகத்து வேப்பமர நிழலில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருப்பார்கள். நடக்க முடியாதவரைப் பேரன் கைத்தாங்கலாக அழைத்து வருவான். உள்ளே இருக்கும் அதிகாரி முகத்தைப் பார்த்து, ஆள் உயிரோடிருக்கிறார் என்று பதிந்துகொள்வார். 2003க்குப் பிறகு நடுவயதில் பணியில் சேர்ந்து, அந்த அரசாணையின்கீழ் சேமித்த தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள் அந்த மரத்தடிக்கு வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர்கள் இருக்கிறார்களா என்று கருவூலம் கேட்டதில்லை.